சென்னையில் வீட்டிலேயே பிட்காயின் மைனிங்: மெஷின் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கும், வாங்கினால் ஓட்டும் முறையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் வீட்டு ஈபி கனெக்‌ஷனை வைத்து பிட்காயின் மைனிங்கில் மாச வருமானம் பார்க்க முடியாது. பலரும் நினைப்பதுபோல மெஷின் விலை இதற்குக் காரணமில்லை, கடன் வாங்கியாவது மெஷினை வாங்கிவிடலாம். கரண்ட் பில்லும் வருமான வரியும்தான் ஆளைக் கவிழ்க்கும். அதே சமயம் இந்த விஷயம் எப்படி இயங்குகிறது என்று கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், ஒரு சீலிங் ஃபேன் இழுப்பதைவிடக் குறைந்த கரண்டில் ஓடும் சின்ன மெஷின் இருக்கிறது, அதைத் தாராளமாக ஓட்டலாம். இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், அந்த மெஷின் என்னதான் செய்கிறது

பிட்காயின் நெட்வொர்க்கில் சராசரியாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, சேர்கிறது. அந்த பிளாக்கைச் சேர்க்கும் உரிமையும் அதற்குப் பரிசாக வரும் பிட்காயினும், ஷா-256 என்ற கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு, குறிப்பிட்ட இலக்குக்குக் கீழே ஒரு விடையை முதலில் அடைபவருக்கு. இதுதான் மைனிங். இதில் புத்திசாலித்தனத்துக்கு வேலையே இல்லை, எத்தனை முறை முயற்சி செய்கிறீர்கள் என்பது மட்டும்தான் பேச்சு. 2009-இல் தொடங்கியபோது சாதாரண கம்ப்யூட்டர் போதுமானதாக இருந்தது, பிளாக்குக்கு 50 பிட்காயின் கிடைத்தது. 2010-இல் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போனார்கள், 2013 தொடக்கத்தில் ஏசிக் என்ற தனிச் சிப் வைத்த மெஷின்கள் வந்தன, அத்தோடு வீட்டு கம்ப்யூட்டரின் காலம் முடிந்தது. ஏசிக் சிப்புக்கு ஷா-256 தவிர வேறு எதுவும் தெரியாது. அதில் படம் பார்க்க முடியாது, கேம் ஆட முடியாது, நாளைக்கு மைனிங் வேண்டாம் என்றால் இரும்புக் கடைக்குத்தான் போகும். ஆனால் நல்ல சிபியு விநாடிக்குச் சில கோடி முறை முயற்சி செய்யும் இடத்தில், ஆன்ட்மைனர் எஸ்21 மெஷின் 200 டெராஹாஷ், அதாவது விநாடிக்கு 200 லட்சம் கோடி முறை முயற்சி செய்கிறது.

அப்புறம் இரண்டு விதிகள். 2016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, சுமார் இரண்டு வாரத்தில், கணக்கின் கடினம் மாற்றி அமைக்கப்படும். உலகத்தில் யாரோ ஆயிரம் மெஷினை ஆன் செய்தால் உங்கள் பங்கு தானாகக் குறையும். பரிசும் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். 2024 ஏப்ரலில் கடைசியாகப் பாதியாகி இப்போது பிளாக்குக்கு 3.125 பிட்காயின், ஒரு நாளைக்கு சுமார் 144 பிளாக், மொத்தம் 450 பிட்காயின். உலகத்தில் உள்ள அத்தனை மெஷின்களும் தினமும் பங்கு போட்டுக்கொள்வது இந்த 450-ஐத்தான், அதோடு கொஞ்சம் பரிவர்த்தனைக் கட்டணம்.

ஈபி பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

மெஷின் பெயரைப் பார்க்கும் முன் பில்லைப் பாருங்கள். இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு, 2024 ஜூலை கட்டணப்படி, முதல் நூறு இலவசம், 400 வரை யூனிட்டுக்கு 4.80 ரூபாய், அங்கிருந்து படிப்படியாக ஏறி, ஆயிரத்துக்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 11.80 ரூபாய். 501-ஆவது யூனிட் விழுந்ததும் பில் சட்டென்று எகிறுவது சென்னையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதை. மைனிங் கணக்குக்கு நீங்கள் எடுக்க வேண்டியது சராசரி விலையை அல்ல, கடைசி ஸ்லாபின் விலையை. ஏனென்றால் ஃபிரிட்ஜும் ஏசியும் கீழ் ஸ்லாபை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டன, மெஷின் இழுக்கும் ஒவ்வொரு யூனிட்டும் மேலேதான் போய் உட்காரும். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறாரோ அதுதான் உங்கள் விலை.

இப்போது வருமானம். நெட்வொர்க்கின் மொத்த வேகம் 2025-இல் ஒரு ஜெட்டாஹாஷைத் தொட்டது, அதாவது நூறு கோடி டெராஹாஷ். அந்த அளவில் உங்களிடம் ஒரு டெராஹாஷ் இருந்தால் நாளைக்கு 45 சடோஷி கிடைக்கும் (பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஒரு சடோஷி). நெட்வொர்க் வேகம் இரட்டிப்பானால் இந்த 45 பாதியாகும், குறைந்தால் கூடும், விகிதம் அவ்வளவுதான். கணக்குக்காக ஒரு பிட்காயின் 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், அன்றைய விலையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஒரு சடோஷி 8 பைசா, ஒரு டெராஹாஷுக்கு நாளைக்கு 3.60 ரூபாய்.

எஸ்21-க்குப் போட்டுப் பாருங்கள். 200 டெராஹாஷ், 720 ரூபாய் வரவு. அது இழுப்பது 3500 வாட், நாளைக்கு 84 யூனிட், 11.80 வீதம் 991 ரூபாய் செலவு. தினமும் 270 ரூபாய் கையிலிருந்து போகிறது. இரண்டு மாதத்தில் 5,040 யூனிட், மெஷினுக்கு மட்டும் பில் ஐம்பத்தொன்பதாயிரத்தைத் தாண்டும். இதில் மெஷின் வாங்கிய லட்சங்களை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

"பழைய எஸ்9 ஒன்று சல்லிசாக வருகிறது, வாங்கட்டுமா" என்று கேட்பவர்கள்தான் அதிகம். 2016-இல் வந்த மெஷின் அது, 13.5 டெராஹாஷ், 1350 வாட்டுக்கு அருகில். வரவு நாளைக்கு 49 ரூபாய், கரண்ட் 382 ரூபாய். இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒன்று புரியும்: மெஷினின் வேகத்தைவிட, ஒரு டெராஹாஷுக்கு எத்தனை வாட் இழுக்கிறது என்பதுதான் முக்கியம். எஸ்9-க்கு அது நூறு வாட், 2020-இல் வந்த எஸ்19-க்கு 34, எஸ்21-க்கு 17.5. கடையில் பேரம் பேசும்போது இந்த ஒரு எண்ணைக் கேளுங்கள், விற்பவருக்கு அது தெரியவில்லை என்றால் அங்கேயே கிளம்பிவிடலாம். 17.5 வாட் மெஷினுக்கு மேலே சொன்ன விலையில் யூனிட் 8.57 ரூபாய்க்குக் கீழே இருந்தால்தான் கரண்ட் காசாவது தேறும். சென்னையில் 4.80 ஸ்லாப் இருக்கிறதே என்று தோன்றும். அந்த 400 யூனிட்டை எஸ்21 ஐந்து நாளில் முடித்துவிடும், மீதி ஐம்பத்தைந்து நாள் மேல் ஸ்லாபில்.

சோலார் போட்டால்? ஒரு கிலோவாட் பேனல் இங்கே நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். 84 யூனிட்டுக்கு 21 கிலோவாட் வேண்டும், அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் உங்கள் பங்குக்கு அவ்வளவு இடம் கிடைக்காது. கிடைத்தாலும், அந்த சோலார் யூனிட் உங்கள் மேல் ஸ்லாப் பில்லில் 11.80 ரூபாய் மிச்சப்படுத்தும். அதையே மெஷினுக்குக் கொடுத்தால் 8.57 ரூபாய்தான் திரும்பி வரும். ஏசியை ஓட்டுங்கள், அதுவே லாபம்.

சூடு, சத்தம், வயரிங்

கணக்கு தெரிந்தும் பெரிய மெஷின்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பகுதி. மெஷின் இழுக்கும் கரண்ட் முழுக்கச் சூடாக வெளியே வரும், ஒரு வாட் பாக்கியில்லாமல். 3500 வாட் சூடு என்பது ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் வெளியேற்றும் சூட்டுக்குச் சரி. அதாவது மெஷின் இருக்கும் அறைக்கு அதற்கென்றே ஒரு ஏசி, அந்த ஏசிக்குத் தனி கரண்ட். கத்திரி வெயிலில் வெளிக்காற்றே நாற்பது டிகிரி இருக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் நம்ப முடியாது, மெஷின் தானே வேகத்தைக் குறைக்கும் அல்லது நின்றுவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்று வேறு. ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும் இடத்தில் திறந்த போர்டு வழியாக அந்த ஈர உப்புக் காற்றை இருபத்துநாலு மணி நேரமும் ஊதிக்கொண்டிருப்பீர்கள்.

சத்தம் 75 டெசிபல். மிக்ஸி மாதிரி இரண்டு நிமிஷத்தில் நிற்காது, ராத்திரி முழுக்க ஓடும். பக்கத்து ஃப்ளாட்காரர் அசோசியேஷன் மீட்டிங்வரை காத்திருக்க மாட்டார்.

வயரிங்தான் நிஜமாகவே ஆபத்தான இடம். 230 வோல்ட்டில் 3500 வாட் என்றால் 15 ஆம்பியருக்கு மேல். கீசர் போடும் 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதே என்று சொருகுவார்கள். கீசர் பதினைந்து நிமிஷத்தில் கட் ஆகும், மெஷின் நிற்கவே நிற்காது. சில நாளில் பிளக் டாப்பின் பின் பழுப்பாகும், சாக்கெட் துளையைச் சுற்றி லேசாக மஞ்சள் பூக்கும், பிளாஸ்டிக் வாசனை வரும். அதுதான் கடைசி எச்சரிக்கை. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து டிபி பாக்ஸிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், தனி எம்சிபி, ஒழுங்கான எர்த் போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று ஈபி கார்டில் பார்த்து, போதாவிட்டால் கூட்டக் கேட்டு எழுதுங்கள். வீட்டு கனெக்‌ஷனைத் தொழிலுக்குப் பயன்படுத்தியதாகக் கண்டுபிடித்தால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவில் அந்தக் கட்டண வகைக்கு இரண்டு மடங்கு போட அதிகாரம் உண்டு. நாலைந்து மெஷினை வரிசையாக வைத்துவிட்டு, ரீடிங் எடுக்க வருபவரிடம் பொழுதுபோக்கு என்று சொன்னால் எடுபடாது.

கிராஃபிக்ஸ் கார்டு, மற்ற காயின்கள்

சுருக்கமாக: எத்தீரியம் 2022 செப்டம்பரில் மைனிங்கையே விட்டுவிட்டது, கிராஃபிக்ஸ் கார்டு மைனிங்கின் பெரிய வருமானம் அன்றோடு போனது. லைட்காயினும் டோஜ்காயினும் ஒரே மெஷினில் சேர்ந்து ஓடும், ஆனால் அதற்கும் ஏசிக்தான், அதே சூடு, அதே சத்தம். மொனேரோ மட்டும் 2019 இறுதியில் ராண்டம்எக்ஸ் என்ற முறைக்கு மாறி, தனிச் சிப்புக்கு வேலையில்லாமல் சாதாரண சிபியுவில் ஓடும்படி வைத்திருக்கிறது. சாதாரண ஆளுக்குக் கதவு திறந்திருப்பது அங்கேதான், ஆனால் வருமானம் கரண்ட் காசை ஒட்டியே நிற்கும். ஆபீஸ் லேப்டாப்பில் போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை வந்தால் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சின்ன மெஷினுக்கு வருவோம்

பிட்ஆக்ஸ் என்று ஓப்பன் சோர்ஸ் மெஷின் ஒன்று இருக்கிறது. சர்க்யூட் படம் முதல் சாஃப்ட்வேர் வரை எல்லாம் வெளிப்படை, யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். அதன் காமா மாடலில் இருப்பது ஒரே ஒரு பிஎம்1370 சிப். ஆன்ட்மைனர் எஸ்21 ப்ரோவில் நூற்றுக்கும் மேல் அடுக்கியிருக்கும் அதே சிப். 1.2 டெராஹாஷ், சுமார் 18 வாட், இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். மேல் ஸ்லாபிலேயே போட்டாலும் 310 ரூபாய்க்குள்தான். பூலில் (பலர் வேகத்தைச் சேர்த்து வரவைப் பிரித்துக்கொள்ளும் குழு) போட்டால் நாளைக்கு 4.30 ரூபாய் வரவு, 5.10 ரூபாய் செலவு. நஷ்டம்தான், ஆனால் டீ காசைவிடக் குறைவு. சிலர் நெர்ட்மைனர் என்ற இன்னும் சின்னதை வாங்குகிறார்கள்; அதில் மைனிங் சிப்பே கிடையாது, வெறும் ஈஎஸ்பி32 போர்டு, மேஜை மேல் அழகாக இருக்கும்.

வாங்கும்போது மாடல் பெயரையும் சிப் நம்பரையும் எழுத்தில் கேளுங்கள். ஓப்பன் சோர்ஸ் என்பதால் தரம் ஆளுக்கு ஆள் மாறும், பழைய சிப்பைக் கழற்றி ஒட்டியதும் உலவும். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேர்த்து அடக்க விலையைப் பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் வரை போவதாக இருந்தால் அடாப்டரையும் ஹீட்சிங்க் பேஸ்ட்டையும் அங்கேயே வாங்கிவிடலாம்.

அடாப்டரில்தான் கவனம் வேண்டும். காமாவுக்கு 5 வோல்ட், 6 ஆம்பியர். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், பின் அப்படியே உள்ளே போகும், போர்டு அந்த நொடியே போய்விடும். பின் பொருந்துகிறதா என்று பார்க்காதீர்கள், ஸ்டிக்கரில் அவுட்புட் என்று போட்டிருக்கும் வரியைப் படியுங்கள். போன் சார்ஜரில் யூஎஸ்பி வழியாகக் கொடுக்கலாமா என்றால், கூடாது. அந்த போர்ட் சாஃப்ட்வேர் ஏற்ற மட்டும்தான்.

மெஷினுக்கு முன்னால் வாலட், அதாவது வரும் பிட்காயினைப் பெற்று வைக்கும் ஆப். போனிலோ கம்ப்யூட்டரிலோ சாவி உங்கள் கையிலேயே இருக்கும் பிட்காயின் வாலட் ஒன்றைப் போட்டு, அது காட்டும் 12 அல்லது 24 வார்த்தைகளை (வாலட்டைத் திரும்பத் திறக்கும் ரகசியம் அதுதான்) பேப்பரில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளவும் வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) முகவரியை இங்கே பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. புதிதாக மைன் ஆன காயினை நூறு பிளாக் கழித்துத்தான் செலவழிக்க முடியும், அந்த மாதிரி வரவை எல்லா எக்ஸ்சேஞ்சும் ஒழுங்காக ஏற்றுக்கொள்ளும் என்று நம்பி உட்கார முடியாது.

இப்போது மெஷினை ஆன் செய்யுங்கள். அதுவே பிட்ஆக்ஸ் என்று தொடங்கும் ஒரு வைஃபையை வெளியிடும், போனை அதில் இணைத்து பிரவுசரில் 192.168.4.1 என்று அடித்தால் செட்டிங்ஸ் பக்கம் வரும். அங்கே உங்கள் வீட்டு வைஃபை பெயரும் பாஸ்வேர்டும். இந்த போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும், உங்கள் ஃபைபர் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் எத்தனை முறை அடித்தாலும் சேராது, ரவுட்டரில் இரண்டையும் தனித்தனிப் பெயரில் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஸ்ட்ராட்டம் என்று இருக்கும் கட்டங்களில் பூலின் முகவரியும் போர்ட் எண்ணும். யூசர் என்ற இடத்தில் உங்கள் வாலட் முகவரி, ஒரு புள்ளி, மெஷினுக்கு நீங்கள் வைக்கும் பெயர். பாஸ்வேர்டுக்கு எக்ஸ் என்று ஒற்றை எழுத்து போதும். வாலட் முகவரியைக் கையால் அடிக்காமல் காப்பி செய்து ஒட்டி, முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் சரியா என்று பாருங்கள். சேவ், ரீஸ்டார்ட். சின்னத் திரையில் வீட்டு நெட்வொர்க் ஐபி எண் வரும், இனி அந்த எண்ணை பிரவுசரில் அடித்தால் வேகம், சூடு, பூலுக்கு அனுப்பிய ஷேர்கள் (மெஷின் வேலை செய்ததற்கான சான்று) எல்லாம் தெரியும்.

சூட்டைத்தான் முதல் வாரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிப் 60 முதல் 65 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி. மே மாசம் மத்தியானம் அது ஏறும். 525 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் ஃப்ரீக்வென்சியை ஒரு படி இறக்கிவிடுங்கள், வேகம் கொஞ்சம் குறையும், மெஷின் தங்கும். யூடியூப் பார்த்து வோல்டேஜை ஏற்றுகிறவர்கள் 1.2 டெராஹாஷை 1.6 ஆக்கிவிட்டு ஃபேன் சத்தத்தோடு வாழ்கிறார்கள், அந்த 0.4-இல் நாளைக்குக் கிடைப்பது ஒன்றரை ரூபாய்கூட இல்லை. கரண்ட் போய் வந்தால் தானே எழுந்து ஓடத் தொடங்கும். 18 வாட் என்பதால் வீட்டு இன்வெர்ட்டரிலேயே விடலாம்.

பூலா, சோலோவா

பூல் என்றால் பல பேரின் வேகத்தைச் சேர்த்து, கிடைத்ததைப் பங்கு பிரிப்பது. வரவு சின்னதாக, ஒழுங்காக வரும். ஆனால் பூல்களுக்குக் குறைந்தபட்சப் பட்டுவாடா வரம்பு உண்டு. நாளைக்கு 54 சடோஷி சேர்ப்பவர் அந்த வரம்பைத் தொட எத்தனை வருஷம் ஆகும் என்று சேரும் முன் வகுத்துப் பாருங்கள். லைட்னிங் என்ற, சின்னத் தொகைகளுக்கான பிட்காயின் வழியில் சில்லறையாகவே அனுப்பும் பூல் இருந்தால் அது தேவலை.

சோலோ என்றால் பிளாக் கிடைத்தால் மொத்தமும் உங்களுக்கு, மேலே வைத்த விலையில் இரண்டரைக் கோடி, கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. 1.2 டெராஹாஷுக்கு ஒரு பிளாக் சராசரியாகப் பதினாறாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை. சோலோ மைனிங்குக்கென்றே சிகேபூல், பப்ளிக்பூல் போன்றவை இருக்கின்றன, பதிவு எதுவும் தேவையில்லை, முகவரியை ஒட்டினால் போதும். இந்த அளவு மெஷினுக்கு நான் சோலோதான் சொல்வேன். பூலில் வரும் நாலு ரூபாய் எதையும் மாற்றாது, மாற்றாத ஒன்றுக்காக வரிக் கணக்கு வேறு எழுதிக்கொண்டிருப்பானேன்.

மெஷினே வேண்டாம், பணம் மட்டும் போடுங்கள் என்பவர்கள்

கிளவுட் மைனிங் (எங்கோ இருக்கும் மெஷினில் பங்கு), ஹோஸ்டிங் (உங்கள் பெயரில் மெஷினை அவர்கள் இடத்தில் ஓட்டுவது), மாதம் இத்தனை சதவீதம் உறுதி. கெயின்பிட்காயின் என்ற திட்டம் மைனிங் வருமானத்திலிருந்து மாதம் 10 சதவீதம், 18 மாதத்துக்கு என்றுதான் மக்களிடம் வாங்கியது. பின்னர் அமலாக்கத் துறையிலும் சிபிஐயிலும் வழக்கானது. மேலே போட்ட கணக்கை ஒருமுறை நீங்களே போட்டவர் என்றால் உங்களை ஏமாற்றுவது கஷ்டம்: மெஷின் எது, டெராஹாஷுக்கு எத்தனை வாட், யூனிட் என்ன விலை என்று மூன்று கேள்வி கேளுங்கள், பதில் ஹோட்டல் ஹால் மீட்டிங்குக்கு வாருங்கள் என்று வந்தால் புரிந்துகொள்ளலாம். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், நாள் தள்ளத் தள்ள மீட்கும் வாய்ப்பு குறையும்.

வரி

2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. மைனிங்குக்குப் போட்ட உள்கட்டமைப்புச் செலவு வாங்கிய விலையில் சேராது என்று 2022 மார்ச்சில் மக்களவையில் அரசு சொல்லிவிட்டது. எஸ்21 கணக்குக்குத் திரும்பிப் போனால், அந்த 720 ரூபாயில் 225 ரூபாய் வரிக்குப் போய், கையில் நிற்பது 495, கரண்ட் பில்லோ 991. விற்கும்போது ஒரு சதவீத டிடிஎஸ் தனி, அது பின்னால் வரியில் கழியும். கையில் வந்த அன்றே வருமானமாகக் காட்ட வேண்டுமா, விற்கும்போது காட்டினால் போதுமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தொகை பெரிது என்றால் கட்டாயம்.

அதற்காக ஒரு எக்ஸெல் ஷீட் வைத்துக்கொள்ளுங்கள்: வாலட்டுக்கு வந்த தேதி, எத்தனை சடோஷி, அன்றைய ரூபாய் விலை, விற்ற தேதி, விற்ற விலை. மெஷின் பில்லையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். விற்பதற்கு எஃப்ஐயு-வில் (மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவு) பதிவு செய்த எக்ஸ்சேஞ்சை மட்டும் பயன்படுத்துங்கள், யாரோ டெலிகிராமில் கூடுதல் விலை தருகிறேன் என்று உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பும் பணம் வேறொரு மோசடியின் பணமாக இருந்தால் முடங்குவது உங்கள் கணக்குதான். ரிட்டர்ன் போடும்போது கிரிப்டோவுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது, அதை நிரப்பும் முன் பிடித்த டிடிஎஸ் 26ஏஎஸ் என்ற வரிப் பிடித்தப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.